செவ்வாய் எனக்கு விடுமுறை

எங்கள் பாஸ்க் மலைகளின் உச்சியில்
தபால்பெட்டி உண்டு.
தபால்காரர் வரமாட்டார்.
ஏறியவர் தன் பெயரட்டையைப் போட்டுவிட்டு இறங்குவார்.
அடுத்து ஏறுபவர் அதை எடுத்துப்போய்
கீழே தபாலில் சேர்த்தால்
உங்கள் அட்டை உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்.
நீங்கள் அங்கே நின்றீர்கள் என்பதற்கு
முகம் தெரியாத ஒருவர் சாட்சி.

கோரோவின் முழங்கால் கைவிட்ட வசந்தத்தில்
(பத்தொன்பது வருடம் எனக்கு முன்னால் போன முழங்கால்)
உஸ்துர்ரே மலைக்குத் தனியாக ஏறினேன்.
ரொட்டியை இரண்டாக வெட்டிய பிறகுதான்
உறைத்தது.
இரண்டையும் நானே தின்றேன்.

அட்டையின் பின்புறம் எழுதினேன்:
டோலோசா காகித ஆலையில் வேலை.
செவ்வாய் எனக்கு விடுமுறை.
மெதுவாகத்தான் நடப்பேன். ஏறும்போது பேசமாட்டேன்,
இறங்கும்போது வாய் மூடாது.
கூட வர யாராவது உண்டா?
இப்படிக்கு, மத்தாலென்.
வயதை எழுதி, அடித்துவிட்டேன்.
அந்தக் கோடையில் ஒன்பது உச்சிகளில்
இதையே போட்டுவைத்தேன்.

முதலில் திரும்பிய அட்டையில்
என் எழுத்துப்பிழை இரண்டும் சிவப்பு மையில் திருத்தியிருந்தன.
"மற்றபடி எனக்குச் சம்மதம். பிஷென்தே, ஓய்வுபெற்ற கணக்கர்."
அடுத்தது எனெரிட்ஸ் என்கிற மாணவி:
"மெதுவாக நடக்க வராது. காத்திருக்க வரும்."
மூன்றாவது, மீன் வாடையோடு,
ஒந்தர்ரோவா துறைமுகத்திலிருந்து:
"படகு பழுதில் கிடக்கிறது. செனெகலில் என் ஊர் தட்டையானது,
இதுதான் என் முதல் மலை.
சாப்பாடு எடுத்துவர மறந்துவிட்டேன்.
அடுத்த முறை எவ்வளவு ரொட்டி வேண்டும்? பிராம்."

பேருந்து நிறுத்தத்தில் நால்வரும்
ஒருவர் காலணியை ஒருவர் பார்த்தபடி நின்றோம்.
பிஷென்தே வாதுமைக் கொட்டைகளை எண்ணித்தான் தருவார்.
எனெரிட்ஸ் ஒவ்வொரு வளைவிலும்
பாறைமேல் உட்கார்ந்து நகம் கடிப்பாள்,
அதுதான் அவள் காத்திருப்பு.
பிராம் சொன்னான்:
படகில் ஆறு பேர்,
கோபித்துக்கொண்டு போக ஆறடி இல்லை.
இங்கே முப்பதடி தள்ளி நடக்கிறேன்,
உங்கள் இருமல் கேட்கிறது, போதும்.

எர்னியோவில் அக்டோபர் மூடுபனி.
என் கைத்தடியின் நுனியே எனக்குத் தெரியவில்லை.
வரிசை எண்ணைக் கத்தச் சொன்னார் பிஷென்தே.
பட், என்றாள் முன்னால் எனெரிட்ஸ்.
பி, என்றார் அவர்.
பிறகு ஒன்றும் இல்லை.
கடைசி எண் என்னுடையது,
அதைச் சொல்ல வாய் வரவில்லை.
எங்கோ இடப்பக்கம், பாதையே இல்லாத பக்கம்,
அவன் தாய்மொழியில் ஒரு "ஞெட்".

இரு! என்று கத்தினோம் மூவரும்.
எங்கள் மொழியில் அது மூன்று, அவனுடைய எண்.
இரு! இரு!
அவன் அசையாமல் நின்றான்.
குரலைப் பிடித்துக்கொண்டு குரல் போய்ச் சேர்ந்தபோது
அவன் காலுக்கு முன்னால்
புல் இரண்டு சாண்தான் மிச்சம்.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.
பிஷென்தே அன்றைக்கு மட்டும்
வாதுமையை எண்ணாமல் கொடுத்தார்.

நேற்று ஆலையிலிருந்து வந்தால்
கதவடியில் என் பழைய அட்டை,
மழையில் ஊறி, பாதி மை கரைந்து.
எந்த உச்சியில் இரண்டு குளிர்காலம் கிடந்ததோ.
ஓரத்தில் பென்சிலால், பமிப்லோனாவின் ஒரு தாதி:
"இன்னும் இடம் இருக்கிறதா?
செவ்வாய் எனக்கு இரவுப் பணி, தூங்காமல் வந்துவிடுவேன்."

பதில் எழுதினேன்:
தூங்கிவிட்டு வாருங்கள், பத்து மணிப் பேருந்து.
ரொட்டி பிராம் கொண்டுவருவான், அளவுக்கு மேல்.
உங்கள் எண் ஐந்து.
எங்கள் மொழியில் அதற்குப் போஸ்ட் என்று பெயர்.
உரக்கக் கத்திப் பழகுங்கள்.