நாற்பத்திரண்டில்

நாற்பது வரைக்கும் ஒன்றுமில்லை.
நாற்பத்திரண்டில் தொடங்கும்.
முதலில் கால்மிதியில் எறும்பு ஊர்வதுபோல,
பிறகு டேங்க், பிறகு கைப்பிடி,
பிறகு என் கடைவாய்ப் பல்.
ஐம்பத்தைந்தில் தானே அடங்கிவிடும்.
ஐம்பத்தைந்தில் போவதற்கு
வியாசர்பாடியில் ரோடு ஏது?

புல்லட்டின் பின்னால் நான் இழுப்பது
இரண்டு சக்கர ட்ரெய்லர்,
அதன்மேல் ஃப்ரீசர் பெட்டி.
டெம்போ நுழையாத சந்துக்குள்ளும்
சாவு நுழைந்துவிடுகிறது.
பின்னாலேயே நானும் போகவேண்டியிருக்கிறது.

வீல் பாலன்ஸ் பாரு என்றான்
பங்க்கில் காற்றடிக்கிற பையன்.
பார்த்தேன்.
பேரிங் மாற்றினேன்,
நகக்கண்ணில் மூன்று நாள் கிரீஸ்.
ட்ரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு
மூலக்கொத்தளம் வரை தனியாக ஓட்டினேன்.
வெண்ணெய்.
வண்டிமேல் தப்பில்லை,
பின்னால் வருவதுதான் வம்பு என்று
இழுத்துக்கொண்டு போனேன் புதுப்பேட்டைக்கு.

ஜக்கரியா பாய் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.
"உள்ள ஆளு இருந்தா ஆடுதா?"

ஆள் இருக்கும்போது பெட்டி ஓடாது, பாய்.
போகும்போதும் காலி, வரும்போதும் காலி.
யாரோ ஒருவர் வீட்டில்
இரண்டு நாள் நிற்கும்போதுதான் அதற்கு எடை.

ஸ்பானரால் முதுகைச் சொறிந்துகொண்டார்.
"அப்ப நீ படு, மனுவேலு."

மூடியைக் கடையில் கழற்றி வைத்துவிட்டுப்
படுத்தேன், தலை கொக்கிப் பக்கம்.
பாய் ஓட்டினார்.
வானம் குறுகலாக வந்தது,
கேபிள் ஒயர்கள், ஒரு பாலத்தின் அடிவயிறு.
படுத்துக்கொண்டு போனால்
கூவம் இன்னும் கிட்டத்தில் நாறுகிறது.
சிக்னலில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றி
மார்போடு பிடித்துக்கொண்டார்.
எனக்கு மூக்கு அரித்தது.
சொறிந்தேன்.
பக்கத்து ஸ்கூட்டிக்காரம்மா போட்ட கூச்சலில்
பச்சை விழுந்தும் ஒரு வண்டி நகரவில்லை.

எழும்பூரைத் தாண்டி அவர் நாற்பத்திரண்டைத் தொட்டார்.
வந்தது. ஆனால் பாதிதான் வந்தது.
முதுகுக்குக் கீழே அமைதி.
தலைமாட்டில் மட்டும்
டொக், டொக், டொக்,
யாரோ பொறுமையில்லாமல்
கதவைத் தட்டுகிற மாதிரி.

"பாதி உன் வெயிட்ல செத்துடுச்சு.
காத்து எவ்ளோ வெச்சிருக்க?"
முப்பத்தாறு.
"காலிப் பெட்டிக்கா? லாரியா வெச்சிருக்க?
டயரு உருளல, தத்துது.
வெயில்ல செருப்பில்லாதவன் மாதிரி."
இருபதுக்கு இறக்கினார்.
மீதிப் பாதிக்குக் கொக்கியின் பின்னை உருவினார்.
உருண்டையாக இருக்கவேண்டியது
முட்டையாகத் தேய்ந்திருந்தது.
நாலு வருஷம் நான் பிடித்த பிரேக்கெல்லாம்
அந்த ஒரு பக்கத்தில் தெரிந்தது.
ஓட்டைக்குப் புது புஷ், இரும்புக் கடைசலில் புதுப் பின்.
பின்பக்கம் கட்டியிருந்த ஸ்டெபிலைசரையும்
ஒயர்ச் சுருளையும் முன்னால் மாற்றச் சொன்னார்.
"மூக்குல கொஞ்சம் கனம் வேணும்.
வாலு கனத்தா வண்டி ஒன்ன ஓட்டும்."
முன்னூற்றைம்பது வாங்கினார்.
அதில் ஐம்பது, என்னைச் சுமந்ததற்காம்.

அன்றைக்கே ராத்திரி இரண்டு பத்துக்கு
புளியந்தோப்பிலிருந்து போன்.
பேசின் பிரிட்ஜில் யாருமில்லை.
நாற்பத்திரண்டு வந்தது,
போனது.
கைப்பிடியில் ஒன்றுமில்லை. பல்லில் ஒன்றுமில்லை.
கண்ணாடியில் மூன்று முறை பார்த்துக்கொண்டேன்,
வருகிறதா என்று.
ஐம்பதில் ஒருமுறை நிறுத்தி,
இறங்கிப்போய்க் கையால் தொட்டுப் பார்த்தேன்.

சந்து முனையில் லுங்கியோடு நின்றிருந்தான் மகன்,
முப்பது வயதிருக்கும்.
"அதுக்குள்ளயா?" என்றான்.
வண்டியைப் பார்த்துச் சொன்னானா
வீட்டைப் பார்த்துச் சொன்னானா, தெரியவில்லை.
பின்னைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு,
பிளக் பாயின்ட் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.