டக்

சாஸ்கடூனில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
மின்சாரம் போய்ப் பத்தொன்பது மணி நேரம்.
ஓரெஸ்ட் தன் குளிரங்கியைக் கழற்றிப் போர்த்தினான்,
எனக்கில்லை, மீன்தொட்டிக்கு.
பதினோரு வருடக் குடித்தனத்தில்
இதற்கெல்லாம் கணக்கு வைப்பதை விட்டாயிற்று.

வெந்நீரைப் புட்டிகளில் அடைத்து மிதக்கவிட்டோம்.
மரக்கரண்டியால் தண்ணீரை அலைத்தோம்,
ஆளுக்கு அரை மணி, மாறி மாறி.
விடியும்போது வெப்பமானியில் பதினாறு.
சுத்தியல் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு
பிறகு நீட்டவே இல்லை.
கோமாளி மீன் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து
செவுள் மட்டும், கொஞ்ச நேரம்.
மூன்றாம் நாள் வீடு முழுக்க
அழுகிய முட்டை நாற்றம்.

அவனுக்கு வேலை பொட்டாஷ் சுரங்கத்தில்.
ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்
என்றோ வற்றிய கடலின் அடியில் நின்று
உப்பு வெட்டுகிறான்.
கடல் வற்றட்டும், கருவாடு தின்னலாம் என்றிருந்த கொக்கு
பாவம், தப்பான ஊரில் காத்திருந்தது.
அத்தனை உப்பையும் மேலே அனுப்பிவிட்டு
வரும் வழியில் எண்பது டாலருக்கு
ஒரு வாளி உப்பு வாங்கி வருவான்.
கேட்டால், "அது வேற உப்பு, மார்லிஸ்."

இந்த முறை வாங்கவில்லை.
பாறைகளை அள்ளி நீல டிரம்மில் போட்டு
நிலவறைக்கு இறக்கினான். விளக்குகளை விற்றான்.
நுரை வடிக்கும் எந்திரத்தை
உடன் வேலை செய்யும் டெல்பர்ட்டுக்குச் சும்மா கொடுத்தான்.
"இங்க இனிமே அலமாரி வைக்கலாம்."
நான் பத்து வருடம் கேட்ட அலமாரி.

டிரம்மில் சின்னதாக ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.
பிடுங்க வேண்டியவள் நான். பிடுங்கவில்லை.
அன்பெல்லாம் இல்லை, சோம்பல்.

முன்பெல்லாம் நடுநிசியில் ஒரு சத்தம் வரும்.
கண்ணாடி விரிசல் விடுகிறதென்று
டார்ச்சோடு ஓடுவான், சிலிகான் மூட்டுகளை
விரலால் தடவித் தடவிப் பார்ப்பான்.
பாறையோடு ஒட்டி வந்த வெடி இறால் அது,
கொடுக்கைச் சொடுக்குகிறது என்று
கடைக்காரர் சொன்ன பிறகும் ஓடுவான்.
இறால்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?
யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

மார்ச். அவனுக்கு இரவுப் பணி.
நிலவறையில் துவைத்துக்கொண்டிருந்தேன்.
சலவை எந்திரம் மூச்சு வாங்கி நின்ற
அந்த ஒரு நிமிடத்தில்

டக்.

டிரம்மின் மூடியைத் திறந்தேன். கறுப்புத் தண்ணீர்.
குளிரும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

டக்.

அடப்பாவி.

சுரங்கத்தில் இருப்பவனைக் கூப்பிட முடியாது.
வடிகட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட
வாளி நிறையும் வரை விழித்திருந்தேன்.
உப்பில் தண்ணீர் விடக் கூடாது,
தண்ணீரில்தான் உப்பு. அது மட்டும் தெரியும்.
வாளியின் அடியில் மிச்சமிருந்ததைச் சுரண்டிப் போட்டேன்.
பால்போலக் கலங்கி, காலையில் தெளிந்திருந்தது.

ஏழு மணிக்குப் புருவமெல்லாம் உப்போடு வந்தான்.
எதுவும் கேட்கவில்லை.
உப்புமானியில் ஒரு சொட்டு விட்டு
ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். வெகுநேரம்.
அழுகிறானோ என்று நினைத்தேன்.
"கொஞ்சம் அதிகம்," என்றான்.

புதுக் கண்ணாடி. கசிகிறதா என்று
செய்தித்தாள் விரித்து ஒரு நாள் காவல்.
மணல் கொட்டி, மூன்று நாள் புழுதி.
பிறகு ஆறு வாரம் வெறும் தண்ணீரை
வேடிக்கை பார்த்தோம்.
அம்மோனியா ஏறி இறங்க, நைட்ரைட் ஏறியது.
பழுப்புப் பாசி துருவாகப் படர்ந்தது.
"அசிங்கமா இருக்கு," என்றேன்.
"நல்லா வருது," என்றான்.
டெல்பர்ட் எந்திரத்தைத் திருப்பித் தரவில்லை,
இருநூறு டாலருக்கு விற்றுவிட்டிருந்தான்.

ஜூனில் நகக்கண் அளவு ஒரு பவளத் துண்டு,
பசை போட்டு ஒட்டியது. நான்கு நத்தைகள்.
மீன் இன்னும் இல்லை.
அலமாரி பெட்டி பிரிக்காமல் வராந்தாவில் நிற்கிறது.

இரவு இரண்டு மணிக்கு
டக்.
ஓரெஸ்ட் புரண்டு படுக்கிறான்.
கண்ணாடியாகவும் இருக்கலாம்.
யாரும் எழுந்து போகவில்லை.