கோரம் இல்லை

பதினான்காவது முறையாக இன்றும் எழுதினேன்.
நேரம், காலை பதினொன்று.
இருந்தவர் ஏழு, எழுந்து போனவர் ஏழு.
கோரம் இல்லை.
படிப்பவர் அதை எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாலும்
எழுதியவள் பொறுப்பல்ல.

தலைவர் ஹெப்சிபாய் இறந்து பதினோரு மாதம்.
மிச்சம் பதினாலு பேர், ஏழுக்கு ஏழு.
சமமாக நின்றால் சீட்டுக் குலுக்க வேண்டும்.
அதற்கு ஒரு செம்பு இருக்கிறது, இரும்பு அலமாரியில்,
உள்ளே இரண்டு சீட்டு, நாலாய் மடித்தது, என் கையெழுத்தில்.
குலுக்கப் போகும் நேரம் பார்த்து ஒரு பக்கம் எழுந்துவிடும்.
ஒரு தடவை பகவதியப்பன் ஆட்கள்,
மறு தடவை குமரேசதாஸ் ஆட்கள்.
செம்புக்குள் கை விட்டால்
எதிராளி பெயர்தான் வரும் என்று
இருவருமே உறுதியாக நம்புகிறார்கள்.
இவ்வளவு ஒற்றுமையை
வேறெந்த விஷயத்திலும் நான் இவர்களிடம் பார்த்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய்.
கிழக்கே பாண்டிப் படை, மேற்கே வேணாட்டுப் படை.
எந்த ராஜா, எந்த வருஷம், எனக்குச் சரியாகத் தெரியாது;
நின்றிருப்பார்கள், அது தெரியும்.
இந்த ஆடிக் காற்றை எதிர்த்து அம்பு விட்டால்
விட்டவன் காலடியில்தான் விழும்.
கிழக்கே நின்றவன் மார்கழி வரட்டும் என்றிருப்பான்.
மார்கழியில் காற்று திரும்பும்;
மேற்கே நின்றவன் ஆடி வரட்டும் என்றிருப்பான்.
இரண்டு பக்கத்துக் குதிரைகளும்
ஒரே குளத்தில் தண்ணீர் குடித்திருக்கும்.
இரண்டு பக்கமும் ஒரே வயிற்றுப்போக்கு.
வென்றதற்குக் கல்வெட்டு உண்டு.
செத்ததற்கு ஒப்பாரி உண்டு.
காத்துக் கிடந்ததற்கு?
அங்கேயும் என்னைப்போல் ஒரு கணக்கெழுதி இருந்திருப்பான்,
அரிசி இத்தனை மரக்கால், புல் இத்தனை கட்டு,
இன்றும் ஒன்றும் நடக்கவில்லை என்று
ஓலையில் கீறிக் கீறி.
கறையான் தின்றிருக்கும்.

ஏழாம் வார்டு வேலப்பனுக்கு வலது கையில் மூன்று விரல்.
மற்ற இரண்டும் சுசீந்திரம் தேர்ச்சக்கரத்துக்குப் போயின,
முட்டுக்கட்டை போடும்போது.
போன கூட்டத்தில் வெளியே நடந்தவர்
வாசலில் நின்று செருப்பு மாட்டியபடி சொன்னார்:
"கட்டை போடுகது தேரை நிறுத்தயா?
திருப்பதுக்காக்கும்.
ஆனா வடத்தை எவனாவது இழுக்கணும்லா."
சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.
திரும்பி வந்து உட்கார்ந்திருந்தால் எட்டுப் பேர்.
வரவில்லை.
நானும் கூப்பிடவில்லை. எழுத்தர் கூப்பிடக் கூடாது.

பதினோராம் வார்டில் மோட்டார் எரிந்தது சித்திரையில்.
சரிசெய்ய நாற்பத்து மூவாயிரம் ரூபாய்,
போடுவதற்கு ஒரு கையெழுத்து.
ராஜகுஞ்சம் இடுப்பில் குடத்தோடு வருவாள்,
காலிக்குடம், சும்மா காட்டுவதற்கு.
"இன்னைக்காவது உண்டா?"
ஃபைலைத் தூக்கிக் காட்டுவேன்.
அதுவும் கனமாகிக்கொண்டு வருகிறது.

இன்று கூட்டம் கலைந்த பிறகு
தண்ணீர் லாரி வந்து வாசலில் நின்றது.
கிளீனர் பையனுக்குத் தாகம். அலமாரி திறந்து கிடந்தது.
செம்பை எடுத்துப் போய்ப் பிடித்து
அண்ணாந்து பாதி குடித்துவிட்டுத்தான் பார்த்தானாம்.
"அக்கா, இதுல ஏதோ பேப்பர் கெடக்கு."

இரண்டு சீட்டும் அடியில், மை கரைந்து,
ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.
நகத்தால் பிரித்துப் பார்த்தேன்.
கிழிந்தது எவர் பெயர் என்று தெரியவில்லை.

அப்படியே ஜன்னல் விளிம்பில் காய வைத்தேன்.
மேலே பாரம் வைக்க வேண்டும், காற்று அப்படி.
மினிட் புத்தகத்தின் மேல் ஒரு கல் உண்டு,
கணவாயில் இடிந்த கோட்டைச் சுவரிலிருந்து
எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் கொண்டுவந்தது,
தாள் பறக்காமலிருக்க.
கை நீட்டினால் எட்டும்.

நீட்டவில்லை, கொஞ்ச நேரம்.