நாலு விரற்கடை

வண்ணார்பேட்டையில் மேம்பாலம் இறங்கி
மூன்றாவது சந்து.
மேசைமேல் இரண்டு மேக்ரோ லென்ஸ்.
மைதீன்பிச்சை இரண்டையும்
ஒரே துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்,
விலையை மட்டும் சொல்லவில்லை.

அறுபது என்றால் நாலு விரற்கடை.
நூற்றைந்து என்றால் சாணுக்குக் கொஞ்சம் குறைய.
அரிசிமணி அளவு இறால் ஒன்று
சட்டம் முழுக்க நிறைய
நான் எவ்வளவு கிட்டே போய் நிற்பது
என்பதுதான் பேச்சு.

நூற்றைந்து எனக்குப் பழக்கம்.
பாளையங்கோட்டை கிளினிக்கில் ஒன்பது வருடமாக
ஊர்க் கடைவாய்ப்பற்களை அதுதான் பார்க்கிறது.
ஆ காட்டுங்கள் என்றால் காட்டுவார்கள்.
கொஞ்சம் மூச்சைப் பிடியுங்கள்,
கண்ணாடியில் ஆவி படியும் என்றால்
பிடிப்பார்கள்.
சாண் தூரம் மரியாதையான தூரம்:
அவர் மூச்சு என்மேல் படாது,
என்னுடையது அவர்மேல்.

கூத்தங்குழி சேசடிமைக்கு
முன்பல் இரண்டிலும் அரைவட்டத் தேய்மானம்.
பெரிதாக்கிக் காட்டினேன்.
"கம்ப்ரசர் டியூப்பக் கடிச்ச பல்லும்மா.
பதினாறு வருசம்லா, சங்குக்கும் சிங்கறாலுக்கும்."
அடைத்த பஞ்சோடு அவர் பேசியதில்
பாதிதான் புரிந்தது.
பஞ்சை எடுத்த பிறகு கேட்டேன்,
எந்த லென்ஸ் என்று.

"தண்ணி தெளிஞ்சு கெடந்தா எட்ட நின்னு பாக்கலாம்.
நம்ம கடல்ல எத்தன நாளைக்குத் தெளிவு?
கச்சான் அடிக்கையில
நீட்டுன கை நமக்கே தெரியாது.
கலக்குல கிட்டப் போனாத்தான் உண்டு."
எழுந்து வாய் கொப்பளித்தார்.
"போனா ஓடிரும். அது வேற விசயம்."

ரைஸ்மில் ஜன்னலில் வெயில் விழும்போது
தவிட்டுத் தூசி எழும்புமே,
ஃபிளாஷ் அடித்ததும் அப்படித்தான் எழும்பும் கடல்.
ஒவ்வொரு விரற்கடைத் தண்ணீருக்கும்
அதன் பங்குத் தூசி உண்டு.
நாலோடு நிறுத்தினால் நாலு பங்கு.
தவிர, நூற்றைந்துக்கு உறையின் முன்கண்ணாடி நீளவேண்டும்,
அந்தக் குழாய்க்கே பதினெட்டாயிரம்.
ஆட்டோகிளேவ் வேறு பழுதாகிக் கிடந்தது.
கிளினிக் லென்ஸை உப்புத்தண்ணீருக்குள் கொண்டுபோக
எனக்குத் தைரியமும் இல்லை.

"அறுபதில் உள்ளே பூஞ்சைப் புள்ளி ஒன்று உண்டு,
படத்தில் விழாது"
என்றார் மைதீன்பிச்சை. அப்போதுதான் விலை சொன்னார்.

மாசி, ஞாயிறு.
முதல் பூசை முடிந்து படகு இறங்கியது.
ஏழு பாகம் ஆழத்தில் பார்.
நான் சிலிண்டரோடு,
அவர் அதே டியூப்பைக் கடித்தபடி.
என் கணக்கில் அங்கே வெறும் கல்.
அவர் விரல் நீட்டிய இடத்தில்
ஊதா உடம்பு, மஞ்சள் கரை,
கொம்பு முளைத்த ஒரு கடல்நத்தை,
ஓட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல.

நாலு விரற்கடை.
இங்கே மூச்சைப் பிடிக்கக் கூடாது,
முதல் பாடமே அது.
விட்டால் நான் தாழ்கிறேன், இழுத்தால் எழுகிறேன்,
நீவாடு வேறு இடுப்பைப் பிடித்துத் தள்ளுகிறது.
தாள் கனத்துக்குத்தான் ஃபோகஸ்.
அந்தத் தாளுக்கு முன்னும் பின்னுமாக
நாற்பத்தொரு படம்.

முப்பத்தெட்டில் நத்தை கலங்கிய ஊதா.
இரண்டில் தூசி மட்டும்.
ஒன்று துல்லியம்:
சேசடிமையின் சுட்டுவிரல் நகம்.
பிறைக்குள் ஏறிய பாசி,
தூண்டில் நரம்பு அறுத்த பழைய கோடு,
ஓரத்தில் உப்பு ஊறி வெளுத்த தோல்.
நத்தை பின்னால் எங்கோ
ஒரு மங்கல் நிறமாய் நின்றது.

கரையில் கேமராவின் திரையைக்
கையால் நிழல் மறைத்துப் பார்த்தார்.
"நகம் வெட்டணும்"
என்றார்.

திங்கள்கிழமை முதல் ஆள்
ஜங்ஷனில் டயர்க்கடை வைத்திருப்பவர், இடது கீழ்க் கடைவாய்.
என்ன தோன்றியதோ,
நூற்றைந்தைக் கழற்றி அறுபதை மாட்டினேன்.
நாலு விரற்கடைக்குக் குனிந்ததும்
அவர் கண்ணை அகலத் திறந்து
வாயை மூடிக்கொண்டார்.