பத்து மீட்டர் நாலு

நூற்று நாற்பத்திரண்டரையைப்
பதினாலு புள்ளி இரண்டால் வகுத்தால்
பத்து மீட்டர், நாலு சென்டிமீட்டர்.
ரோஸ் ஹில்லில் என் கொல்லையின் அகலம்
ஏழு மீட்டர் முப்பது.

நீளவாக்கில் கட்டேன் என்பீர்கள்.
டைபோல் கம்பிக்கு
விலாவில்தான் வாயும் காதும்,
நுனி இரண்டும் செவிடு.
நீளவாக்கில் கட்டினால் என் குரல்
பெங்குவின்களுக்கும் சோமாலிய ஒட்டகங்களுக்கும் போகும்.
எனக்கு வேண்டியவர் குபேந்திரன்,
டர்பனில், கடலுக்கு அந்தப்பக்கம்,
அழைப்புக்குறி சொல்லுமுன் ஒருமுறை இருமுபவர்.

நடுவில் கோர் தெ கார்த் மலை வேறு.
அடிவானத்தில் ஒன்பது பாகையை அடைத்து நிற்கிறது.
ஒரே தாவலில் போக ஐந்து பாகை வேண்டும்; மலை விடாது.
இரண்டு தாவல் என்றால் பத்தொன்பது.
முருகன் கோயிலுக்கும் மேலே, உச்சிக்கும் மேலே
பத்துப் பாகை வானம்
யாரும் கேட்காமல் கிடக்கிறது.
அதற்குக் கம்பி பத்தரை மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும்.

நிற்க ஓர் இடம் இருந்தது.
மதிலுக்கு அப்பால்,
மிஸ்யே அர்னாசலோன் வீட்டுக் கறிப்பலா.
(அருணாசலம்தான்; எந்தக் காலத்துக் குமாஸ்தாவோ
காதில் விழுந்தபடி எழுதிவிட்டான்.)
பிப்ரவரியில் அந்த மரம்
என் தகரக்கூரையில் மூன்று காய் போட்டது.
மார்ச்சில் நான் நகரசபைக்கு எழுதினேன்:
புயலுக்கு ஆபத்து, வெட்டுங்கள்.
அன்றிலிருந்து அவர் என் வாசலைக் கடக்கும்போது
செருப்பைப் பார்த்து நடக்கிறார்.

முனையை மடக்கித் தொங்கவிடலாம்.
நட்டம் அரை டெசிபெல்;
குபேந்திரன் காதுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

மூன்று நாள் அந்த அரை டெசிபெல்லோடு படுத்தேன்.
நாலாம் நாள், கையில் கம்பிச்சுருளோடு,
அவர் கதவைத் தட்டினேன்.

முழுக்கணக்கையும் கேட்டார்.
பிறகு, "வெட்டச் சொன்ன மரம் இதுதானே?"
"இதேதான்."
"எத்தனை மீட்டர் மிச்சம்?"
"இரண்டு, எழுபத்து நாலு."
"அவ்வளவுக்கா இத்தனை நாள்" என்று
ஏணி எடுக்கப் போனார்.

காற்றில் மரம் ஆடும், கம்பி அறுந்துவிடும்
என்று அவருக்குத்தான் தோன்றியது.
கப்பி ஒன்று மாட்டி,
கயிற்று நுனியில் பழைய பெயின்ட் டப்பா,
உள்ளே நாலு கிலோ கல்.
மரம் சாய்ந்தால் டப்பா ஏறுகிறது,
நிமிர்ந்தால் இறங்குகிறது.
நிலையலை விகிதம் ஒன்று புள்ளி மூன்று.

சனிக்கிழமை மாலை ஐந்தரை.
இரைச்சல். இரைச்சல்.
ஓர் இருமல்.

"ஐந்துக்கு ஏழு" என்றார் குபேந்திரன்,
"கம்பம் என்ன, இரும்பா அலுமினியமா?"
அர்னாசலோன் என் தோளுக்கு மேலே குனிந்து
மைக்கில் க்ரியோலில் ஏதோ சொன்னார்.
அவருக்கு உரிமம் கிடையாது.
நான் பொத்தானை விடவில்லை.

திங்களன்று நகரசபைக் கடிதம் வந்தது.
தங்கள் புகாரின்பேரில்
வியாழன் காலை பத்து மணிக்கு
ஆட்கள் ரம்பத்துடன் வருகிறார்கள்.

இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்,
என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில்:
ஐயா, மேற்படி மரம் உபயோகத்தில் உள்ளது.