எட்டாயிரத்து அறுநூற்று முப்பத்து மூன்று

கோபாலபுரம் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
லாரி ஏறும், இரும்பு முனகும், திரையில் சிவப்பாய் ஓர் எண் நிற்கும்.
பில் கிழித்துக் கொடுப்பேன்.
அடுத்த லாரி வரும்வரை
நம்பர் பிளேட்டுகளை உடைத்துக்கொண்டிருப்பேன்.

தமிழ்நாடோ கேரளமோ, முன்னெழுத்தை விட்டுவிடுவேன்.
ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்:
பொள்ளாச்சியின் 41 எதற்கும் மசியாது.
சித்தூரின் 70
தொட்டதும் இரண்டு, ஐந்து, ஏழென்று உதிரும்.

கடைசி நான்கு இலக்கம்தான் என் சரக்கு.
5040 வந்தால் பந்தி போட்ட மாதிரி.
ஒன்றிலிருந்து பத்துவரை யார் வந்து உட்கார்ந்தாலும்
குறையாமல் மிஞ்சாமல் இலை நிரம்பும்.
4096 மாட்டு லாரி. பாதி, பாதியில் பாதி,
பன்னிரண்டு முறை வெட்டினால்தான் ஒன்றில் வந்து நிற்கும்.
கோழிவண்டி 7001 இருக்கிறதே,
அதனிடம் எந்தக் கத்தியும் செல்லாது.

மொத்தம் இருபத்தைந்து கத்திகள்,
இரண்டில் தொடங்கித் தொண்ணூற்றேழில் முடியும் பகா எண்கள்.
நூறைத் தாண்டவே வேண்டாம்.
அதற்குள் சிக்காத நான்கிலக்கம் எதிலும் சிக்காது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஷிஜி லாட்டரி விற்கிறாள்.
இந்தப் பக்கம் விற்றால் கேஸ்.
அதனால் நம் ஆட்கள் நாற்பதடி நடந்துபோய்
அதிர்ஷ்டத்தை வேறு மாநிலத்தில் வாங்குகிறார்கள்.
பகு என்கிற ஒரே வேரில்தான்
பங்கும் பாதியும் முளைத்தன, பகையும்.
அவள் கடை கட்டும் நேரத்தில் நான் வேலைக்கு வருவேன்.
"சேச்சியே, ஒரு நல்ல நம்பர் பற."
எனக்கு உடைவது தெரியும், உடையாதது தெரியும்.
விழுவது தெரியாது, ஷிஜி.

நேற்று இரண்டரை மணிக்கு
எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு 8633.
இரண்டில்லை. ஐந்தில்லை.
இலக்கங்களைக் கூட்டினால் இருபது, ஆக மூன்றும் இல்லை.
ஏழு இரண்டை மிச்சம் வைத்தது,
பதின்மூன்று ஒன்றே ஒன்றை.
அந்த ஒன்றைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.
வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போகிற ஆள்.

"மேடம், பில்லு" என்றான் டிரைவர்.
இருபத்து மூன்று. முப்பத்தொன்று. நாற்பத்தேழு.
பின்னால் ஹாரன்.
அறுபதுகளைத் தாண்டும்போதே முடிவு கட்டிவிட்டேன், இது பகாது.
எண்பத்து மூன்று
மறுபடியும் ஒன்றை மிச்சம் வைத்தது.
பில்லைக் கொடுத்துவிட்டேன்.

வண்ணாமடைப் பக்கம்
பின்விளக்கு மிளகளவு ஆகும்போது
எண்பத்தொன்பது உள்ளே போனது,
மிச்சம் எதையும் வெளியே வைக்கவில்லை.
89. 97.
தனித்தனியே யாருக்கும் பிளவாத இரண்டு முரடர்கள்
ஒரே போர்வைக்குள்
ஒற்றை ஆள்போல
என் கண்ணெதிரே ஏழு நிமிடம் நின்றிருக்கிறார்கள்.
எந்தக் கம்பியும் இறங்கவில்லை.
இன்னேரம் கொழிஞ்சாம்பாறையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

சொல்வதற்கு யாரும் இல்லை.

இந்த மேடை பத்தின் மடங்குகளை மட்டுமே பேசும்.
பதினேழாயிரத்து நானூற்று முப்பது என்னும்.
முப்பத்தொன்று என்று சொல்ல அதற்கு நாக்கில்லை.
ஆறு வருடமாக நான் அடித்த பில்களில்
எடை என்று ஒரு பகா எண்கூடக் கிடையாது.

நான்கு மணிக்குச் சாலை காலி.
இறங்கிப் போய் மேடை நடுவில் நின்றேன்.
ஆஸ்பத்திரிச் சீட்டில் நான் ஐம்பத்து மூன்று.
கண்ணாடிக்கு அப்பால் திரையில் 50.
மீதி மூன்று கிலோவை யார் பெயரில் எழுத?

அறைக்குப் போய் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தேன்:
டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை,
ஷிஜி கடனுக்குத் திணித்த ஒரு சீட்டு.
60 என்றது மேடை.

சீட்டை இன்னும் பிரிக்கவில்லை.
கடைசி நான்கு இலக்கம்
மடிப்புக்குள் இருக்கிறது.