எட்டடி

அந்த எட்டை எழுதியவன் நான்தான்.
ஹெலனா, மாநில அலுவலகம், மூன்றாம் மாடி,
குளிர்காலம் முழுக்க வெந்நீர்க் குழாய் முனகும் அறை.
"தேன் பிழியும் இடத்தின் சுவர்கள்
தரையிலிருந்து எட்டடி உயரம்வரை
கழுவத்தக்க பொருளால் மூடப்பட்டிருத்தல் வேண்டும்."

எங்கிருந்து வந்தது எட்டு?
பக்கத்து மாநிலத்து விதியிலிருந்து.
அவர்களுக்கு எங்கிருந்து?
கேட்கவில்லை. ஏட்டில் இருந்தது,
எடுத்துக்கொண்டேன்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
சிறு தொழில்களுக்குப் பாதிப்பு உண்டா?
"சொற்பம்" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டுச்
சாப்பிடப் போனேன்.
அன்று தக்காளி சூப்.

அறிவிப்பு வெளியானது.
வெளியானது என்றால்,
நாங்களே அச்சிட்டு நாங்களே அடுக்கிவைக்கும் இதழில்
நாற்பத்தோராம் பக்கம்.
முப்பது நாள் அவகாசம்.
கருத்துச் சொல்ல விரும்புவோர் சொல்லலாம்.
இருபத்தாறு நாள் யாரும் விரும்பவில்லை.

பிப்ரவரி. விசாரணை அறையில்
பதினெட்டு நாற்காலி, ஒலிப்பதிவுக் கருவி,
தண்ணீர்க் கூஜா, நான்.
ஒன்பது ஐம்பதுக்கு ஒருத்தி வந்தாள்,
பூட்ஸ் பனியை வாசலிலேயே உதறிவிட்டு.
பெயர்? டார்லீன் குவால்ஹைம்.
ஊர்? மால்ட்டாவுக்கு வடக்கே. விடியுமுன் கிளம்பினேன்.
பெட்டிகள்? அறுபத்திரண்டு.
தீவனக் கடையில் யாரோ சொல்லித்தான்
இப்படி ஒன்று வருவதே தெரியும் என்றாள்.

உங்களுக்கு மூன்று நிமிடம் என்றேன்.

காகிதம் எதையும் பிரிக்கவில்லை.
கோட்டுப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து
"இந்த முனையைப் பிடியுங்கள்" என்றாள்.
விசாரணை நடத்துபவன் எந்தப் பக்கமும் பிடிக்கக்கூடாது.
பிடித்தேன்.
தரையில் குனிந்து நான்,
நாற்காலிமேல் ஏறி அவள்.

"இது உங்கள் எட்டு."
விரல் அரையடி கீழே இறங்கியது.
"இது என் கொட்டகைக் கூரை. ஏழரை.
கட்டியவர் என் வீட்டுக்காரர், ஆள் குட்டை.
நடுவில் இருக்கும் இந்த அரையடியில்
சுவர் இல்லை, வானம்தான்.
வானத்தை எதால் மூடட்டும்?
கூரையைத் தூக்கப் பதினோராயிரம் டாலர்.
தேன் தருவது வருஷத்துக்கு ஒன்பது."

இறங்கினாள்.
"எட்டு எங்கே பிறந்தது தெரியுமா?
கடையில் அந்தப் பிளாஸ்டிக் பலகை
எட்டடி நீளத்தில்தான் வரும்.
யாரோ அறுக்கச் சோம்பல்பட்டவன்
எழுதியிருக்கிறான்."

நாடா சரேலென்று உள்ளே ஓடியது.
பதிவேட்டில் அது "(ஓசை)" என்று இருக்கிறது.

ஏப்ரலில் விதி நிறைவேறியது:
"எட்டடி வரை அல்லது கூரைவரை,
எது குறைவோ அதுவரை."
பெறப்பட்ட கருத்து: ஒன்று.
துறையின் பதில்: உடன்படுகிறோம்.
அந்த "அல்லது"வை
ஒரு வாரம் பையில் வைத்துத் திரிந்தேன்,
நானே கண்டுபிடித்த மாதிரி.

ஜூனில் ஆய்வாளர் ஒரு சேதி கொண்டுவந்தார்.
சினூக் பக்கத்தில் ஆர்வில் ஸ்டென்ஸ்லி என்று ஒருவர்.
வரைவை எங்கோ பார்த்திருக்கிறார், ஜனவரியிலேயே.
வரைவு என்ற சொல் அவருக்குச் சட்டம் என்றே கேட்டிருக்கிறது.
பிழியும் இயந்திரத்தை ஐடஹோக்காரனுக்கு விற்றுவிட்டார்,
பெட்டிகளையும் சேர்த்து.
கொட்டகையில் இப்போது பனிவண்டி நிற்கிறது.
அளந்து பார்த்தீர்களா என்று ஆய்வாளர் கேட்டாராம்.
மாநிலத்தோடு யார் மல்லுக்கட்டுவது என்றாராம்.

பெறப்படாத கருத்துக்குப்
படிவத்தில் இடம் இல்லை.
தேடிப் பார்த்தேன், பின்பக்கம்கூட.

இன்று மேசையில் அடுத்த கோப்பு.
கழுவு தொட்டி, ஆழம் பன்னிரண்டு அங்குலம்.
பக்கத்து மாநிலத்திலிருந்துதான்.
கடைசிக் கேள்வி, அதே கட்டங்கள்.
பேனாவை மூடிவைத்துவிட்டு
மால்ட்டா எண்ணை அழுத்துகிறேன்.
மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது.
ஆகஸ்ட் மாதம்.
கையெல்லாம் தேனாக இருக்கும்,
எடுக்க மாட்டாள்.